குண்டு பாதி, துணி பாதி

பழைய அமெரிக்க நீள ரைஃபிள்களின் படங்களைப் பார்த்தால், பின்கட்டையில் பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதுக்குள்ள வெடிமருந்துதான் இருக்கும்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். உண்மையில் அதில் வைத்தது கொழுப்பு தடவிய துணித் துண்டுகள்.

துணி எதுக்கு? நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி இதுவும் வாய் வழியாகக் கெட்டிக்கிறதுதான். ஆனால் ரைஃபிள் குழலுக்குள் சுருள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் உண்டு. அந்தச் சுருளோடு சேர்ந்து சுழன்றால்தான் குண்டு நேராகப் போகும். பள்ளத்தைப் பிடிக்கிற அளவு பெரிய குண்டை வாய் வழியாகத் தள்ளுவது பெரும்பாடு. சுலபமாக இறங்குகிற குண்டோ பள்ளத்தைப் பிடிக்காது. இங்கேதான் துணி வருது. அது பள்ளத்தையும் பிடிச்சுக்கிட்டு, குண்டையும் தன்னோடு சுழற்றுது.

50 காலிபர் ரைஃபிளை எடுத்துக்குவோம். குழலின் உள்விட்டம் 12.70 மி.மீ. வழக்கமான குண்டு 12.45 மி.மீ. ஆக, பக்கத்துக்கு 0.13 மி.மீ. இடைவெளிதான். துணியின் தடிமனோ 0.38. மேடுகளில் அது மூன்றில் ஒரு பங்காக நசுங்கணும். பள்ளத்தின் ஆழம் 0.25 என்றால், அங்கே உள்ள இடம் 0.13-உம் 0.25-உம் சேர்ந்து 0.38. சரியா துணியின் தடிமன்! கணக்குப் போட்டுப் பார்த்தப்போ எனக்கே ஆச்சரியம். பள்ளம் இன்னும் ஆழம்னா இதே துணி போதாது. தடித்த துணி வேணும், இல்லைன்னா 12.57 மி.மீ. குண்டு. ரெண்டுமே கெட்டிக்கிறதைக் கஷ்டமாக்கும். இறுக்கம் கூடிக் குண்டு பாதி வழியில் நின்னுட்டா, குறி தவறுவது மட்டுமில்லை; மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

அளவு பொருந்தியதா என்று சுட்ட பிறகு கீழே விழுந்த துணியை எடுத்துப் பார்த்தே சொல்லிடலாம். ஓரம் மட்டும் பிசிறு தட்டி, மற்றபடி முழுசா இருந்தால் நல்லது. குண்டு குழலோடு உரசும் வட்டத்தில் கருகி ஓட்டை விழுந்திருந்தால், சூடான வாயு அந்த வழியாகக் கசிந்திருக்கு. துணி மெலிசு, இல்லைன்னா குண்டு சின்னது. சீரான இடைவெளியில் கத்தி வெட்டு மாதிரி கிழிசல் இருந்தால், குழல் வாயோ மேடுகளின் விளிம்போ கூராக இருக்கு. அப்போ துணியை மாத்திப் பிரயோஜனமில்லை. பருத்தியோ லினனோதான் சரிப்படும், செயற்கை இழை உருகிடும். புதுத் துணின்னா கஞ்சி போகத் துவைச்சுட்டுத்தான் அளக்கணும்.

1800-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட பேக்கர் ரைஃபிளோடு, ஆரம்பத்தில் சிப்பாய்களுக்கு மரச் சுத்தியலும் கொடுத்தாங்க, குண்டைத் தட்டி இறக்க. அந்த ரைஃபிள் வீரர்கள் ரெண்டு விதமாகக் குண்டு வைத்திருந்தார்கள்: நிதானமாகக் குறி பார்க்கத் துணி சுற்றியது, எதிரி நெருங்கிட்டா, துணியில்லாமல் காகிதத் தோட்டாவில் வந்த தளர்வான குண்டு.