வள்ளத்துக்கு ஏற்ற இயந்திரம்

மன்னார்த் தீவின் வடபால் பாக்கு விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசுங்கால் வடகடல் கொந்தளிக்கும். சோழகம் எழுந்தால் தென்கடல் சீறும். பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறைக் கரையோர் இக்காற்றுகளைப் பாய்விரித்து ஆண்ட காலம் ஒன்றிருந்தது. இன்று பாயின் இடத்தை வெளியிணைப்பு இயந்திரம் பிடித்துக்கொண்டது. 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவே உடையது. நிறை 62 இறாத்தல்.

வலு மிகுந்த இயந்திரமே சிறந்தது என எண்ணுவோர் பலர். அது முழு உண்மையன்று. இலேசான கண்ணாடியிழை வள்ளம் வேகம் கூடியதும் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும். வலையும் மீனும் ஏற்றிய பாரமான மரவள்ளமோ நீரைப் பிளந்தே செல்லவேண்டும். அதற்கு ஓர் எல்லைக்கு மேல் வலுவைக் கூட்டினால் வேகம் கூடாது. அலைதான் பெருகும், எரிபொருள்தான் தீரும். பெரிய இயந்திரத்தின் நிறையால் பின்புறம் தாழுமாயின், பின்னால் வரும் அலை உள்ளே புகும். இருளில், கரை காணாத இடத்தில் இது நேர்வதை எண்ணிப் பார்த்தால், விலையைவிட முதன்மையாகக் கருதவேண்டியது எது என்பது விளங்கும்.

பொருத்துமுன் பின்பலகையின் உயரத்தை அளத்தல் வேண்டும். 15 அங்குலப் பலகைக்குக் குறுந்தண்டும், 20 அங்குலப் பலகைக்கு நெடுந்தண்டும் ஏற்றவை. சுழல்விசிறிக்கு மேலுள்ள தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒத்தோ சற்றே தாழ்ந்தோ நிற்கவேண்டும். உயர்ந்து நின்றால் விசிறி காற்றை உறிஞ்சி வீணே சுழலும். மிகத் தாழ்ந்தால் இழுவை மிகும். திருகுகளை இறுக்கியபின்னும் இயந்திரத்தை வள்ளத்தோடு சங்கிலியால் பிணைத்தல் நன்று. அதிர்வில் திருகு தளரும்; கடலில் விழுந்த இயந்திரத்தை மீட்பது எளிதன்று.

இராமர் அணையை அடுத்த மணல்திட்டுகளில் வேறொரு தொல்லை உண்டு. இயந்திரம் தன்னைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சுவது. ஆழங்குறைந்த இடத்தில் மணலும் கூடவே போகும். குளிர்நீர் வெளியே பீச்சுவது நின்றால் உடனே இயந்திரத்தை நிறுத்தவேண்டும். சிலவகை இயந்திரங்களில் விசிறி தரையில் மோதும்போது ஒரு சிற்றாணி முறிந்து பற்சக்கரங்களைக் காக்கும். மாற்று ஆணியை மடியில் முடிந்துகொண்டு புறப்படாதவர் துடுப்பு வலித்தே திரும்புவர்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஆவியாகாது. இலாபம் கருதியே பலர் இதனை விரும்பினர். ஆனால் 2022 ஓகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, வள்ளங்கள் பல கரையிலே கிடந்தன. அன்று மிகைவலு இயந்திரம் வாங்கியவர் பாடே பெரும்பாடு.

கரை சேர்ந்ததும் இயந்திரத்தை நன்னீர்ப் பீப்பாயில் சில நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவவேண்டும். மன்னாரில் நன்னீர் அருமைதான். ஆயினும் உப்பு அரித்த குழாய்க்குச் செலவிடும் பணம் அதனினும் அருமை.