கிரகத்தின் குற்றமா, குசினியின் குற்றமா?

வீட்டிலே பால் திரிந்தாலும் சரி, பிள்ளை பரீட்சையிலே தவறினாலும் சரி, பழியைத் தூக்கி வானத்தின் தலையிலே போட்டுவிடுவது நம்மவர்க்குப் பழகிப்போன சௌகரியம். சூரியனிலிருந்து ஏறக்குறைய 143 கோடி கிலோமீற்றருக்கு அப்பால், சனி தன்பாட்டிலே சுற்றிக்கொண்டிருக்கிறான். பாற்சட்டியைக் கழுவாமல் விட்ட குற்றம் தன்மீது சாட்டப்படுவதை அவன் அறியான். சாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் விரையும் நாம், அடுக்களைக்குள் ஒரு முறை எட்டிப் பார்ப்பதில்லை.

இப்பழக்கம் நமக்கு மட்டுமே உரியது போலும் என்று நாணியிருந்த எமக்கு, அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளைப் பற்றிய செய்தியொன்று பெரும் ஆறுதலை அளித்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாவிடின் எமக்கு உறக்கம் வராது.

பதின்மூன்று செவிகள்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, பார்க்ஸ் என்னும் ஊருக்கு அண்மையில், ஆடுகள் மேயும் வெளியிலே மாபெரும் றேடியோத் தொலைகாட்டி ஒன்று நிற்கிறது. அதன் கிண்ணத்தின் குறுக்களவு 64 மீற்றர். 1961ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இக்கருவி, 1969இல் மனிதன் சந்திரனிலே நடந்த காட்சியை உலகுக்கு வாங்கித் தந்தவற்றுள் ஒன்று. ஆகவே கீர்த்திக்குக் குறைவில்லை.

இத்தொலைகாட்டி 2001இல் பதிந்துவைத்த பழைய பதிவுகளை டங்கன் லோரிமர் என்னும் வானியலறிஞரின் குழுவினர் ஆராய்ந்தபோது, ஒரு செக்கனின் இருநூறிலொரு பங்கு நேரங்கூட நீடியாத, ஆனால் மிக வலிய துடிப்பொன்று அகப்பட்டது. அது நமது பால்வீதிக்கு வெளியே, நெடுந்தொலைவிலிருந்து வந்ததென 2007இல் அவர்கள் அறிவித்தனர்.

தொலைவை எவ்வாறு அறிந்தனர் என்று மாணாக்கர் வினவக்கூடும். பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர் ஒரே கணத்தில் ஓட்டப்பந்தயத்திற்குப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பத்து யார் தூரத்தில் எல்லோரும் ஒன்றாகவே தோன்றுவர். பத்து மைல் ஓடியபின் பார்த்தால் விரைந்தோர் முன்னேயும் தளர்ந்தோர் நெடுந்தூரம் பின்னேயும் வருவர். முதல்வனுக்கும் கடைசியானவனுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே ஓடிய தூரத்தை ஊகித்துவிடலாம். றேடியோ அலைகளும் அத்தகையன. விண்வெளியிலே சிதறிக் கிடக்கும் இலத்திரன்கள், அதிர்வெண் குறைந்த அலைகளை அதிகமாகத் தாமதப்படுத்துகின்றன. உயர்ந்தவை முந்தியும் தாழ்ந்தவை பிந்தியும் வந்துசேர்கின்றன. லோரிமர் கண்ட துடிப்பில் அவ்விடைவெளி மிகப் பெரிதாயிருந்தது.

மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதே தொலைகாட்டியின் பதிவுகளிலே, 1998 முதற்கொண்டு இதனையொத்த வேறு துடிப்புகளும் இருப்பது தெரியவந்தது. அத்தகைய 16 துடிப்புகளைப் பற்றிய அறிக்கையொன்று 2011இல் வெளிவந்தது. அவற்றிலும் உயர்ந்த அலை முந்தியும் தாழ்ந்த அலை பிந்தியுமே வந்தன. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அத்தொலைகாட்டிக்கு அக்காலத்தில் 13 செவிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் வானத்தின் வெவ்வேறு சிறு பகுதியை நோக்கும். மெய்யான விண்மீன் சைகை அவற்றுள் ஒன்றிரண்டிலேதான் வலுவாகக் கேட்கும். இவையோ பதின்மூன்றிலும் ஒருங்கே முழங்கின. பந்தலில் ஒருவர் மெல்லப் பேசினால் பக்கத்திலிருப்பவருக்கே கேட்கும். பறை முழங்கினால் எல்லோருக்குங் கேட்கும். ஆகவே முழங்கியது ஏதோ அண்மையிலுள்ள பொருள் என்பது தெளிவாயிற்று.

எந்தப் பொருள்? அது தெரியாமையால், மானின் உருவும் பறவையின் சிறகும் கொண்டு மனிதனின் நிழலை வீழ்த்தும் பெரிட்டன் என்ற கற்பனை விலங்கின் பெயரை அத்துடிப்புகளுக்குச் சூட்டினர். உருவம் ஒன்று, நிழல் வேறொன்று, பொருத்தமான பெயர்தான். ஆயினும் பெயர் வைத்தமையால் ஐயம் தீரவில்லை. இவை பூமியில் பிறந்த போலிகளென்றால், லோரிமரின் துடிப்பும் போலிதானோ என்ற கேள்வி எழுந்தது. ஒரு புதிய கண்டுபிடிப்பின் மானமே அந்தரத்தில் ஊசலாடியது.

பொறுமையற்ற கை

இம்மர்மத்தைத் துலக்கியவர், அப்போது கலாநிதிப் பட்டத்திற்காகப் படித்துக்கொண்டிருந்த எமிலி பெட்றோஃப் என்ற மாணவியும் அவருடன் உழைத்த குழுவினருமாவர். போலித் துடிப்புகள் பகல் வேளையிலேயே, அதிலும் மதிய போசன நேரத்தை ஒட்டியே மிகுந்து வந்தன. நட்சத்திரங்களுக்கு மத்தியானப் பசி உண்டென்று எந்தச் சாத்திரமும் கூறவில்லை. 2015 சனவரியில், புதிதாகப் பொருத்திய கண்காணிப்புக் கருவியொன்று, அத்துடிப்புகள் தோன்றிய அதே கணங்களில் 2.4 கிகாஹேட்ஸ் அளவிலும் அலைகள் எழுவதைக் காட்டிக்கொடுத்தது. அது மைக்ரோவேவ் அடுப்பின் அலைவரிசை!

மார்ச் மாதத்திற்குள் விசாரணை முடிந்தது. கோப்பையிலே தண்ணீரை வைத்து அடுப்பை இயக்கினர். அது தானாக நிற்கும்வரை காத்திருந்தபோது பெரிட்டன் ஒன்றேனும் வரவில்லை. பின்னர், நேரம் முடியுமுன்னரே கதவைத் திறந்து பார்த்தனர். பெரிட்டன் பிறந்தது! அடுப்பிலே அலைகளை உண்டாக்கும் மக்னெற்றோன் என்னும் உறுப்பு, கதவு திறக்கப்பட்டு அணைகின்ற அந்தக் கணத்திலே கடைசியாக ஒரு துடிப்பை வெளியே விட்டுவிடுகிறது. அதுவே கிண்ணத்தில் விழுந்தது. பதினேழு ஆண்டு மர்மத்தின் விடை, சாப்பாடு சூடேறும்வரை பொறுத்திருக்க இயலாத பசித்த மனிதனின் கை என முடிந்தது.

இதனைப் படித்து நகைத்தவர் பலர். நாமும் நகைத்தோம். ஆயின் நகைப்பு அடங்கியபின் ஒன்று புலனாயிற்று. அடுப்பின் குற்றம் நிரூபணமானதும், விண்ணின் மெய் துலங்கியது. மெய்யான துடிப்புகளுக்குப் போசன வேளை என்பது கிடையாது. அவை இரவு பகல் பாராது வருவன. 2017இல் அத்தகைய துடிப்புகளுள் ஒன்றின் பிறப்பிடம் ஏறக்குறைய 300 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு சிறிய விண்மீன் மண்டலம் என அறியப்பட்டது. 2020 ஏப்ரிலில் நமது பால்வீதியிலுள்ள கடுங்காந்த விண்மீனொன்றிலிருந்தே அவ்வகைத் துடிப்பொன்று வந்தது. லோரிமரின் மானம் காப்பாற்றப்பட்டது.

புறாக்களின் கதை

இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஆர்னோ பென்சியாஸ், றொபேட் வில்சன் என்னும் இருவர், கொம்பு வடிவான அன்ரெனா ஒன்றிலே ஓயாத இரைச்சலைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். இவர்கள் நம்மைப்போல் வானத்தைக் குறைகூறவில்லை. முதலிலே வீட்டைத்தான் சந்தேகித்தனர். கொம்புக்குள் புறாக்கள் இரண்டு குடித்தனம் நடத்தி, உட்புறத்தை எச்சத்தால் வெள்ளையடித்திருந்தன. புறாக்களைத் தூரத்துக்கு அனுப்பினர், அவை திரும்பிவந்தன. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினர். இரைச்சலோ குறைந்தபாடில்லை.

புறாக்கள் நிரபராதிகள். அவ்விரைச்சல், அண்டம் தோன்றிய ஆதிகாலத்து வெப்பத்தின் மிச்சம் என்பது 1965இல் வெளியாயிற்று. அவ்விருவருக்கும் 1978இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. எச்சத்தைச் சுரண்டிய கைகளே அப்பரிசையும் வாங்கின. சுரண்டாது விட்டிருந்தால், இரைச்சல் வானத்தினுடையதென்று அவர்களால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஓரிடத்தில் வானமோ என்று மயங்கினர், குசினியாக முடிந்தது. மற்றோரிடத்தில் குசினி என்று ஐயுற்றனர், வானமாக முடிந்தது. இரண்டிடத்திலும் வழி ஒன்றுதான். கையெட்டும் தூரத்திலுள்ளதை முதலிலே சோதித்தல். அது குற்றவாளியாயின் வெட்கமின்றி ஒப்புக்கொள்ளல். அன்றாயின் அப்பால் நோக்கல். கலாநிதிப் பட்டம் பெறப்போகும் ஒருவர், சாப்பாட்டறைக்குச் சென்று சுடுநீர்க் கோப்பையோடு நிற்பதை இழிவாகக் கருதவில்லை. பரிசு பெறப்போகும் இருவர், புறாவின் எச்சத்தைச் சுரண்டுவதை இழிவாகக் கருதவில்லை. நமது மாணாக்கர் பலர், சூத்திரத்தை மனனஞ் செய்தலே விஞ்ஞானம் என்றெண்ணிச் சோதனைச்சாலைக் குழாய்களைக் கழுவுவதை ஏவலாளுக்குரிய வேலையாக நினைக்கின்றனர். அவர்களுக்கு இவ்விரு கதைகளையும் பெற்றோர் கூறுவாராக.

பிள்ளை கணக்கிலே புள்ளி குறைந்து வந்தாற் சாத்திரியாரிடம் போகவேண்டாமென நாம் கூறவில்லை. போகுமுன், அவன் கணக்குக் கொப்பியை ஒருமுறை விரித்துப் பாருங்கள் என்றே வேண்டுகிறோம். கொப்பி சுத்தமாயிருந்தால், பின்னர் சனியை விசாரிக்கலாம்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் எமது தேநீர் ஆறிப்போயிற்று. மீண்டும் சூடாக்கச் செல்கிறோம். அடுப்பு மணியடிக்கும் வரையில் கதவைத் திறப்பதில்லையென்று உறுதியும் பூண்டுள்ளோம். எங்கோ ஒருவர் வானத்திற்குச் செவிசாய்த்துக்கொண்டிருக்கக் கூடுமன்றோ?