அடுப்புப் புகையும் ஒரு சீட்டுக் குலுக்கலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே திருநாவலூர் இருக்கிறது. சுந்தரர் பிறந்த ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். வேலிக்காத்தான் விறகும் வறட்டியும் எரியும் வாசனை வரும். எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீருக்கு விறகடுப்பு புகைவதுண்டு.

விறகு ஏன் புகைகிறது? சூடேறும்போது கட்டை முதலில் ஆவிகளை வெளிவிடுகிறது. அந்த ஆவிகள் போதிய வெப்பத்தோடும் காற்றோடும் கலந்தால் எரிந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். போதாவிட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு, தார், கரித்துகள் ஆகியவையாக வெளியேறும். ஈர விறகு அதிகம் புகைவதற்குக் காரணம், அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதுதான். ஊதுகுழலால் அம்மா ஊதுகிறாரே, அது வேறொன்றுமில்லை, ஆக்சிஜன் அனுப்புவதுதான்!

புகையில் மிகவும் பொல்லாதவை 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள். தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இராது. பெரிய தூசியை மூக்குச் சளி பிடித்துக்கொள்ளும். இவை நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும். கார்பன் மோனாக்சைடோ இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கருவுற்ற தாயின் இரத்தம் இப்படி ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும் அல்லவா?

குறையும் என்றுதான் விஞ்ஞானிகளும் எண்ணினார்கள். விறகடுப்பு வீடுகளில் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. விறகு எரிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்குச் சத்துணவும் குறைவு. எடை குறைந்ததற்குக் காரணம் புகையா, பசியா?

இதைப் பிரித்தறிய ஒரே நேர்மையான வழி சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். 2018ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹாப்பின்' ஆய்வு அதைத்தான் செய்தது. கவுதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில், விறகு போன்றவற்றால் சமைத்துவந்த சுமார் 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். இந்தியாவில் ஆய்வு நடந்த இடங்கள் எவை தெரியுமா? கள்ளக்குறிச்சிப் பகதியும் நாகப்பட்டினமும்தான்! சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அதை நடத்தியது. சீட்டு விழுந்த பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் கிடைத்தன. மற்றவர்கள் வழக்கம்போல் சமைத்தார்கள். எந்தப் பக்கம் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததால், இரு பக்கமும் ஏழ்மையும் உணவும் ஏறக்குறைய ஒன்றே.

பெண்கள் சுவாசித்த காற்றையும் அளந்தார்கள். கர்ப்பகாலத்தில் விறகுக் குழுவில் ஒரு கன மீட்டருக்குச் சராசரி 103 மைக்ரோகிராம் நுண்துகள்; எரிவாயுக் குழுவில் 35. மூன்றில் ஒரு பங்கு!

ஆனால் 2022இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை எரிவாயுக் குழுவில் 2,921 கிராம், விறகுக் குழுவில் 2,898 கிராம். இவ்வளவு சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரலாம். ஓராண்டுக்குள் கடும் நிமோனியா கண்ட குழந்தைகளின் விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2024இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது வராவிட்டாலும் மறைக்காமல் அச்சிட்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்த பகுதி அதுவே.

அப்படியானால் புகை கெடுதல் இல்லையா? அவசரப்படாதீர்கள். இந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோது கர்ப்பம் 9 முதல் 20 வாரம் வரை ஆகியிருந்தது. அதற்கு முன் குடித்த புகையை யாரும் திருப்பி எடுக்க முடியாது. சிறுவயதிலிருந்தே அடுப்படியில் இருந்தவர்கள் அவர்கள். மேலும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பல ஆண்டுப் புகையால் மெல்ல மெல்ல வருவது. 18 மாதத்தில் அதை அளக்க இயலாது.

இன்னொன்று: உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நாள் வரம்பு 15 மைக்ரோகிராம். எரிவாயு வீட்டிலும் 35 இருந்தது. சமையலறை சுத்தமானாலும், பக்கத்து வீட்டு அடுப்பும் கொல்லையில் கொளுத்தும் குப்பையும் தெருவெல்லாம் புகையாகத்தானே வருகின்றன.