பை செய்யும் பக்குவம்

‘பை’ என்று சொன்னவுடன் நம்மில் பலருக்குக் காய்கறி வாங்கும் பைதான் நினைவுக்கு வரும். நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டது உண்ணும் பையைப் பற்றி. மாவினால் ஓர் ஓடு செய்து, அதனுள் பழத்தையோ இறைச்சியையோ பூரணமாக வைத்துச் சுட்டெடுக்கும் மேனாட்டுப் பண்டம் அது. பூரணம் செய்வது எளிது. ஓடு அமைவதுதான் அரிது. ஆகவே, அந்த மேல்மாவு ஒன்றையே இங்கு விளக்கப் போகிறேன்.

வடசென்னைக்கு இப்பண்டம் புதியதன்று. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. ரயில்வேயில் பணியாற்றிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இராயபுரத்திலும் பெரம்பூரிலும் குடியேறின. அவர்களோடு மேனாட்டு அடுப்பு வழக்கங்களும் வந்தன. ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கர்னல் கென்னி ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் சென்னையிலேயே 1878இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் வெள்ளைக்காரத் துரைசானிகள். அடுப்படியில் வியர்வை சிந்தி மாவைத் தொட்டவர்களோ பெரும்பாலும் நம் நாட்டுச் சமையற்காரர்கள். ஆகையால், ‘இது நம் கைக்கு வராது’ என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆயினும் முதல் முறை செய்பவர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய வெண்ணெயும், ஒரு காலைப் பொழுதின் உழைப்பும் வீணாகி, ஓடு தோல்போல் இழுபடுகிறது. அல்லது எண்ணெய் கசிந்து தட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இவை இரண்டிற்கும் காரணம் தெரிந்துவிட்டால், பக்குவம் பாதி கைவந்ததுபோலத்தான்.

கோதுமையில் இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. மாவு உலர்ந்திருக்கும் வரையில் அவை வாளாவிருக்கும். தண்ணீர் பட்டுப் பிசையப்பட்டதும் ஒன்றோடொன்று பின்னி, ‘குளூட்டன்’ என்னும் இழுவைத் தன்மையுள்ள வலையாக மாறிவிடும். பரோட்டாக் கடையில் மாவை அடித்து வீசுகிறார்களே, அது கிழியாமல் காற்றில் விரிவது இந்த வலையின் பலத்தால்தான். பரோட்டாவுக்கு அது வேண்டும். பைக்கு அது கூடாது. பையின் ஓடு கடித்தவுடன் பொலபொலவென்று உதிர வேண்டும். அதற்காகவே தண்ணீர் விடுவதற்கு முன் மாவில் கொழுப்பைச் சேர்க்கிறோம். கொழுப்புப் பூசிய மாவில் நீர் எளிதில் புகாது, வலையும் வலுப்பெறாது.

இங்கே நம் தமிழ்ச் சொற்களின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சப்பாத்திக்கு மாவைப் ‘பிசைகிறோம்’. புட்டுக்கு மாவைப் ‘பிசறுகிறோம்’. பிசைவது உள்ளங்கையின் வேலை. பிசறுவது விரல் நுனியின் வேலை. பைக்கு வேண்டியது பிசறல் ஒன்றே. புட்டு மாவுக்கு நம் பாட்டிமார் சொல்லும் சோதனை இதற்கும் பொருந்தும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தீபாவளிச் சோமாசுக்கு மைதாவில் நெய்யைப் பிசறி மேல்மாவு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பையின் பாதி வித்தை முன்பே தெரியும்.

மீதிப் பாதி என்ன? சோமாசுக்கு நெய், பைக்கு வெண்ணெய். நெய் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பே. கடையில் விற்கும் வெண்ணெயிலோ நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை நீர் இருக்கலாம். மாவினுள் சிறு சிறு கட்டிகளாக நிற்கும் வெண்ணெய், மாவைத் தேய்க்கும்போது மெல்லிய தகடுகளாகப் பரவுகிறது. அடுப்பின் சூட்டில் கொழுப்பு உருகுகிறது. நீர் ஆவியாகி மேலுள்ள மாவைத் தூக்குகிறது. அந்த இடைவெளிகளே ஏடு ஏடாகப் பிரியும் அடுக்குகள். வெண்ணெய் அடுப்பில் உருகினால் அடுக்கு. கையிலேயே உருகிவிட்டால் வெறும் எண்ணெய் மாவு.

நம் ஊரின் தொல்லை இங்குதான் தொடங்குகிறது. வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து டிகிரி செல்சியசில் உருகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் சென்னையின் வெயில் நாற்பதைத் தொடுகிறது. குளிர்ச்சி என்பது இந்நகரில் ஒரு காலத்தில் கப்பலில் வந்த சரக்கு. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை 1840களில் கடல் கடந்து கொண்டுவந்து, மெரினாக் கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிச் சேமித்தார்கள். இன்று குளிர்பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. அது இல்லாதவர்கள், காசிமேட்டில் மீனுக்கென்று விற்கும் பனிக்கட்டியை உணவில் சேர்த்துவிடாமல், மூடியிட்ட பாத்திரத்தை அதன்மேல் வைத்துக் குளிரச் செய்யலாம்.

இனிச் செய்முறை. மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, பனிபோல் குளிர்ந்த தண்ணீர் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி. வெண்ணெயில் முன்பே உப்பிருந்தால் தனியே சேர்க்க வேண்டாம். விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன் தொடங்குவது நலம். ஒற்றை அறை வீடுகளில் அடுப்பெரிந்தால் அறை முழுவதும் சூடாகிவிடும் அன்றோ!

மைதாவையும் பாத்திரத்தையும் சிறிது நேரம் குளிரவையுங்கள். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி மாவில் இட்டு, விரல் நுனிகளால் பிசறுங்கள். பெரும்பகுதி ரவைபோலவும், இடையிடையே துவரம்பருப்பளவு கட்டிகளாகவும் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். பிறகு தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். கடற்கரைப் பகுதியில் மாவு காற்றின் ஈரத்தை முன்பே உறிஞ்சியிருக்கும். ஆதலால் மூன்று கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள். மாவு ஒன்றுசேர்ந்ததும் அதைத் தட்டையாக அமுக்கி மூடி, அரைமணி நேரம் குளிரில் வையுங்கள். இந்த ஓய்வில் வெண்ணெய் இறுகுகிறது. சிறிதளவு உண்டான குளூட்டனும் தளர்கிறது.

பின் மாவு தூவிய பலகையில், அரைக்கால் அங்குலக் கனத்தில் வட்டமாகத் தேயுங்கள். தட்டில் பரப்பும்போது இழுத்து நீட்டக்கூடாது. இழுத்த மாவு அடுப்பில் சுருங்கிவிடும். அடியை முள்கரண்டியால் குத்தி, மேலே பேக்கிங் காகிதம் விரித்து, உலர்ந்த கொண்டைக்கடலையைப் பாரமாகக் கொட்டி, 200 டிகிரிச் சூட்டில் பதினைந்து நிமிடம் வைத்தெடுங்கள். கடலையையும் காகிதத்தையும் அகற்றி, மேலும் ஐந்து நிமிடம் வைத்தால் அடி உலர்ந்துவிடும். இவ்வாறு முன்னதாகச் சுடாவிட்டால், பூரணத்தின் சாறு இறங்கி ஓடு கூழாகும். பூரணமும் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள், கனத்த சட்டியில் ஓரங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடிக் கால்மணி நேரம் காயவைத்து, அதனுள் சுடலாம். நேரம் கூடும், மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது, ஆனால் மாவு நன்றாகவே வேகும். எண்ணெயில் பொரிக்க விரும்பினால் மட்டும் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மிகுந்த மாவு எண்ணெயில் கரைந்து பிரிந்துவிடும்.

வனஸ்பதி நம் வெயிலிலும் எளிதில் உருகுவதில்லை என்பதால் பலர் அதை நாடினர். ஆனால் அதில் மிகுந்திருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குக் கேடு என்று கண்டு, 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு நூற்றுக்கு இரண்டுக்கு மிகலாகாது என விதித்துள்ளனர். வீட்டில் செய்வதில் உள்ள பெரிய நன்மை இதுவே: குழந்தையின் தட்டில் விழுவது எந்தக் கொழுப்பு என்பதைச் செய்பவரே அறிவார்.

பூரணத்திற்கு ஆப்பிள்தான் வேண்டும் என்பதில்லை. மாங்காயைத் துருவி வெல்லத்தோடு கெட்டியாகக் கிளறினால் புளிப்பும் இனிப்பும் கூடிய நல்ல பூரணமாகும். சோமாசின் தேங்காய்ப் பூரணமும் ஏற்றதே. மிளகும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய கொத்துக்கறியும் பொருந்தும்.

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பையின் ஓடு தடித்த பெட்டியாகவே இருந்தது. உள்ளிருக்கும் இறைச்சியைக் காப்பதே அதன் முதல் வேலை. உண்ணத்தக்க மென்மையை அது பெற்றது, பல தலைமுறைகள் கொழுப்பையும் மாவையும் அளந்து அளந்து பார்த்ததனால்தான். நீங்களும் முதல் முறை சிறிதளவே செய்து பாருங்கள். மாவைத் தொடும் நேரம் எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு ஓடு நயமாக அமையும். அதிக உழைப்பு ஆகாத வேலைகளும் அடுக்களையில் சில உண்டு. அவற்றுள் இது ஒன்று.