தந்தை சுமக்கும் மகவுகள்
பவழப்பாறைக் குழல்மீனின் வாழ்க்கை

கடற்குதிரையைப் படத்திலேனும் காணாதார் சிலரே. அதே குடும்பத்தைச் சேர்ந்த குழல்மீனை அறிந்தோர் மிகக் குறைவு. இந்து மகாசமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக் சமுத்திரத்திலும் பவழப்பாறைகளை அடுத்து வாழும் கோரிதோயிக்திஸ் ஹேமாடாப்டெரஸ் என்பது அத்தகைய மீன்களுள் ஒன்று. அது ஒரு சாண் நீளத்திற்கு மேல் வளர்வதில்லை.

இம்மீனின் உடலை எலும்பு வளையங்கள் கவசம்போல் மூடியுள்ளன. ஆதலின் ஏனைய மீன்களைப்போல் விரைந்து நீந்த அதற்கு இயலாது. முதுகுத் துடுப்பை அதிரச் செய்து, பாறையை ஒட்டி மெல்ல நகர்கின்றது. வாயில் பற்கள் இல்லை. வயிற்றில் இரைப்பையும் இல்லை. நீண்ட குழல் போன்ற முகத்தினால் நுண்ணிய இறால் இனங்களை நீருடன் உறிஞ்சி உண்கின்றது. உணவைத் தேக்கிவைக்க இரைப்பை இன்மையால் அடிக்கடி உண்ண வேண்டியுள்ளது.

இனப்பெருக்க முறையோ பெரிதும் வியப்பிற்குரியது. பெண் மீன் இடும் முட்டைகளை ஆண் மீனே ஏற்றுக்கொண்டு, வாலின் அடிப்புறத்துள்ள பையில், குஞ்சு வெளிப்படும் வரை காக்கின்றது. ஜப்பானியக் கடலில் இவ்வினத்தை ஆராய்ந்தோர் 2001-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்கின்றன. நாள்தோறும் காலையில் சந்தித்து ஒன்றையொன்று வரவேற்கின்றன. துணையை நாடுவதில் பெண்ணே முனைப்புக் காட்டுகின்றது.

தந்தை சுமக்கும் இம்முறையில் ஓர் இடரும் உண்டு. சினையுற்ற ஆண் ஒன்று வலையில் அகப்படின், அதன் மகவுகள் அனைத்தும் உடன் அழிகின்றன.

கடற்குதிரைகளும் குழல்மீன்களும் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவழப்பாறைகள் முற்காலத்தில் சுண்ணாம்பிற்காக வெட்டியெடுக்கப்பட்டன. அத்தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகவும் சூடேறியதால் பவழங்கள் வெளுத்தன. இழுவலைகளில் அகப்படும் சிறு மீன்கள் சங்காயம் எனும் கழிவு மீன்களோடு கரை சேர்கின்றன. இக்குடும்பத்து மீன்கள் யாவும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

களப்பணியாளர் கரையில் வலை உதறப்படும்போது இவற்றைக் கவனித்தல் வேண்டும். உயிருடன் உள்ளவற்றை உடனே கடலில் விடும்படி மீனவர்க்கு எடுத்துரைத்தல் நலம். ஆசிரியர்கள் பள்ளிக் காட்சிக்கென உலர்ந்த மீனை விலைக்குப் பெறுதல் கூடாது. கரும்பலகையில் வரைந்த படமே மாணவர்க்குப் போதுமானது.