தகவல் துளி: சாவியைத் தொடாதீங்க!

திருச்சுழிப் பக்கம் ஒரு கருவேல மரத்தடியில வருஷக்கணக்கா அசையாம நிக்கிற பழைய கார் உங்க கைக்கு வருதுன்னு வைங்க. முதல்ல என்ன செய்வீங்க? புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருகுவீங்களா?

அங்கதான் ஆபத்து! நம்ம வறண்ட காத்துல, கடலோர ஊர்கள் மாதிரி தகரம் சீக்கிரம் துருப்பிடிக்காது. வெளியே பார்த்தா வண்டி ஜோரா இருக்கும். ஆனா எஞ்சினுக்குள்ள, சிலிண்டரோட பிஸ்டன் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். விவரமான மெக்கானிக் சாவியைத் தொடவே மாட்டார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிடுவார். அப்புறம் பிளக்கை மாட்டாமலே, டாப் கியர் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளிப் பார்ப்பார். ஓட்டையில ‘புஸ்’ஸுனு காத்து வந்துச்சா? இறுக்கம் விட்டுடுச்சு!

அதுவே ஸ்டாண்டர்ட் ஹெரால்டா இருந்தா வேலை இன்னும் சுகம். 1961-ல இருந்து சென்னையில தயாரான கார் அது. பானெட்டைத் தூக்கினா, மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம்! ஆனா, ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலையறது தனிக் கதை.

ஆங்... பிரேக் ரப்பரை மாத்தாம வண்டியை அருப்புக்கோட்டை ரோட்டுல மட்டும் ஏத்திடாதீங்க!