எல்கேஜி சீட்டுக்கு அரசு கட்டும் பணம்: அந்தக் கணக்கு எப்படி வருகிறது?

கல்வி உரிமைச் சட்ட (ஆர்டிஇ) இடத்துக்கான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கினால் வாசகர் கடிதங்களின் தொனியே மாறிவிடும். 'சேர்க்கலாமா?' என்று கேட்டவர்கள் 'விட்டுவிட்டால் என்ன ஆகும்?' என்று பதற ஆரம்பிப்பார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே குழப்பம். பிள்ளைக்கு மூன்று வயது முடிகிறது. தெருமுனை பால்வாடியில், அதாவது அங்கன்வாடியில் விடுவதா, அரசுப் பள்ளி வளாகத்து எல்கேஜியா, தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டு இடத்துக்கு மனுப் போடுவதா? ஒரே படிப்புதான், செலவு மட்டும் வேறு என்று நினைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியில்லை. அங்கன்வாடிக்குப் பொறுப்பு சமூக நலத்துறை, எல்கேஜிக்குப் பள்ளிக் கல்வித்துறை. பிள்ளைக்குள்ள சட்ட உரிமையும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்பது இ-சேவை மையத்தில் ஒருமுறை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடலாம்.

அங்கன்வாடியை அரசு அறிவிப்புகள் முன்பருவக் கல்வி மையம் என்கின்றன. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தைக் காட்டி அங்கே ஒரு தாய் கேட்டு வாங்கக்கூடியது சாப்பாடு மட்டுமே. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்பதை 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. பாட்டும் படமும் எழுத்தும் அந்த டீச்சரின் மனசையும் அவருக்கு மிஞ்சும் நேரத்தையும் பொறுத்தவை. எடை பார்த்து, கர்ப்பிணிகளின் பட்டியல் எழுதி, செல்போன் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை எந்தப் பால்வாடி டீச்சரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. 14 வயது வரை இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்று 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-ல் வந்த 86-வது திருத்தம் அந்த உரிமையை ஆறு முதல் 14 வரை என்று கத்தரித்தது. ஆறுக்குக் கீழே இருந்தவர்கள் அரசு 'முயல வேண்டிய' கடமைகளின் பட்டியலுக்குப் போனார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும், மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அரசுப் பள்ளி எல்கேஜியின் கதை இன்னும் சுவாரசியம். தமிழகத்தில் 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கினார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றிப் போட்டார்கள். 2022-ல் மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் முடிவு மாறியது. ஆசிரியர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னது அரசு. எல்கேஜி போர்டைப் பார்த்துச் சேர்ப்பவர்கள் இந்தச் சம்பளத்தையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, தேதி நெருங்க நெருங்க எல்லோரையும் ஓட வைக்கும் 25 சதவீதம். இதில் எனக்கு உறுத்தும் விஷயம் இடம் ஒதுக்கும் குலுக்கல் அல்ல, பணம் போகும் வழி.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது. ஆனால் 12-வது பிரிவில் ஒரு துணை விதி இருக்கிறது. தனியார் பள்ளியில் முன்பருவ வகுப்பு நடந்தால், நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டை அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஆக, இலவச முன்பருவக் கல்வியைச் சட்டத்தின் பலத்தோடு பெறும் மூன்று வயதுப் பிள்ளை தனியார் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும். அதே தெருவில் பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பலம் கிடையாது.

பள்ளிக்கு அரசு எவ்வளவு தரும்? ஒரு மாணவருக்கு அரசு தன் பள்ளிகளில் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. அரசின் செலவைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் இருக்கிறது. அரசு நடத்தும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரையான கல்விக்கு ஓராண்டில் ஆகும் தொடர்செலவை மேலே எழுதி, அந்தப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இதில் முதல் வேடிக்கை, பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் எல்கேஜியே கிடையாது. தான் நடத்தாத ஒரு வகுப்புக்கான விலையைத் தான் நடத்தும் வேறு வகுப்புகளின் சராசரியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, வேடிக்கை என்று சொல்லிவிட்டு நகர முடியாதது. ஒரு பேச்சுக்கு, 100 பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஆண்டுச் செலவு 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 20,000 ரூபாய். அதில் 20 பேர் எல்கேஜி வழியாகத் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் சம்பளம் உடனே குறையாது, மின் கட்டணமும் குறையாது. அதே 20 லட்சத்தை 80-ஆல் வகுத்தால் தலைக்கு 25,000. அரசுப் பள்ளி காலியாகக் காலியாக, தனியாருக்குத் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பு தானாக மேலே ஏறுகிறது. யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், யாரும் கொள்கை முடிவு எடுக்க வேண்டாம். வகுத்தலே பார்த்துக்கொள்ளும்.

ஏறும் வரம்பால் எல்லாப் பள்ளிக்கும் லாபமில்லை. 12,000 ரூபாய் கட்டணம் வாங்கும் சின்ன நர்சரிப் பள்ளிக்கு 12,000 ரூபாய்தான் கிடைக்கும். லாபம், கட்டணம் வரம்பைத் தாண்டி நிற்கும் பள்ளிகளுக்கு. சின்னப் பள்ளிக்கோ காலியாகக் கிடக்கும் இடத்துக்கு ஆள் வந்தாலே போதும். அரசு தர வேண்டிய நிலுவை எப்போது வரும் என்பது மட்டும்தான் அவர்களின் கவலை.

மறுபக்கம் பால்வாடிக் கணக்கு. ஆறு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையின் துணை உணவுக்கு மத்திய அரசு 2017-ல் நிர்ணயித்த தொகை நாளொன்றுக்கு 8 ரூபாய். இந்தக் கணக்கில் எந்த வகுத்தலும் இல்லை, அதனால் தானாக ஏறவும் ஏறாது.

பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? நுழைவு வகுப்பு எல்கேஜி என்பதால் ஒதுக்கீட்டுக்கான கதவு மூன்று வயதில் திறந்து, அங்கேயே மூடிக்கொள்கிறது. 'இரண்டு வருஷம் பால்வாடி, பிறகு ஒன்றாம் வகுப்பில் ஆர்டிஇ' என்று திட்டமிடும் குடும்பத்துக்கு எல்கேஜி நடத்தும் பள்ளியில் இந்த இடம் கிடைக்காது. அங்கன்வாடியை வலுப்படுத்துவோம் என்று மேடையில் பேசும் அதே அரசுதான், அங்கிருந்து பிள்ளையை மூன்று வயதிலேயே கிளப்பிவிடும் திட்டத்துக்கும் பணம் கட்டுகிறது.

மற்ற மாநிலங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியாரில் ஒதுக்கீடு கிடையாது என்று கர்நாடகம் 2018 இறுதியில் விதியை மாற்றியது. அதே வழியில் 2024-ல் போன மகாராஷ்டிரத்தை அந்த ஆண்டு ஜூலையிலேயே மும்பை உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. இரண்டுமே ஓட்டையை அடைக்கப் பார்த்தன, முன்பருவக் கல்வியை எல்லாப் பிள்ளைக்கும் உரிமையாக்கப் பார்க்கவில்லை. ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று இந்தப் பிரிவுக்குச் சொல்லப்படும் நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த பெஞ்சு தனியார் கட்டடத்தில்தான் இருக்க வேண்டுமா?

பணம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 காட்டிவிட்டது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்ததைச் சொல்லி தமிழக அரசு ஆர்டிஇ சேர்க்கையைத் தொடங்கவில்லை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டும் அக்டோபரில்தான் வேலை நகர்ந்தது. அதற்குள் பள்ளிகள் திறந்து மாதக்கணக்காகிவிட்டதால், ஏற்கெனவே கட்டணம் கட்டிச் சேர்ந்திருந்தவர்களுக்குள் தகுதியானவர்களைத் தேடினார்கள். கட்ட முடியாமல் ஜூனிலேயே ஒதுங்கிய குடும்பங்களுக்கு அந்த ஏற்பாட்டில் என்ன இருந்தது?

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பிள்ளையின் வயது? எல்கேஜிக்கு ஜூலை 31-ல் மூன்று முடிந்து, நான்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால்? அந்த வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு மட்டும். பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி சாதிச் சான்றோடு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் மனுப் போட்டால் வருமானம் கேட்க மாட்டார்கள். 'ஏழைகளுக்கான இடம்' என்ற வாசகத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ப்ளே ஸ்கூலில் ஆர்டிஇ உண்டா? ஒன்றாம் வகுப்பு இல்லாத தனி ப்ளே ஸ்கூல் இந்தச் சட்டத்தின்படி பள்ளியே அல்ல.

சிறுபான்மைப் பள்ளி? 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி விலக்கு.

குலுக்கலில் விழாவிட்டால்? பால்வாடியில் எந்த மாதமும் சேர்க்கலாம்.

யுகேஜி முடித்து கேந்திரிய வித்யாலயாவுக்கு? அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் வீட்டில் உட்கார நேரலாம்.

வேலைக்குப் போகும் அம்மா என்ன செய்வது? 50 பேருக்குக் குறையாத நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும். ஒரே முதலாளி 40, 40 பேராக மூன்று பெயரில் கம்பெனி நடத்தினால் யார் போய் எண்ணுவார்கள் என்பது வேறு கேள்வி.

வேன் ஃபீஸ்? உங்கள் கையிலிருந்துதான்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு? ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம், அல்லது அரசுப் பள்ளி.